புண் ஆறியதும் ஒப்படைப்பு

ஜூலை 3, 1986. வியாழன்

இன்று உறுதியான செய்தி: சங்கத்தின் பவள விழா ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சொன்னவர் சங்கச் செயலாளர், வழக்கறிஞர் நஞ்சப்பன். மண்டபமும் தலைமையும் இன்னும் முடிவாகவில்லை. விழா மலரில் வர வேண்டிய எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை நான் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் கோவையிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கிறேன். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் வேலை இது.

சங்கத்தின் முழுப்பெயர் பிராணிகள், குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் குதிரைவண்டிக்காரரிடம் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னேன். "வதைச் சங்கமுங்களா? அப்படிச் சொல்லுங்க, ஏறுங்க" என்றார். வழி நெடுகக் குதிரையை அடித்துக்கொண்டே வந்தவர், சங்கத்தின் கேட் கண்ணில் பட்டதும் சாட்டையைச் சுருட்டி உட்காரும் பலகைக்கு அடியில் செருகினார். இறங்கி, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி நடத்திக் கூட்டிப்போனார்.

"உள்ளார பார்த்தாங்கன்னா புடிச்சுக் கட்டிப்போடுவாங்க சார்."

எனக்குக் கொடுத்திருப்பது மருந்து அறைக்கு அடுத்த அறை. ஜன்னலுக்கு நேரே மாட்டுக்கொட்டகை. அதற்கு அப்பால் குழந்தைகள் வீடு. சாரல் விடவில்லை. கொண்டுவந்த வேட்டிகள் காயவில்லை.

ஜூலை 5, சனி

நஞ்சப்பனுடன் இரண்டு மணி நேரம். ஐம்பது வயது. நல்லவர் என்று ஊர் சொல்கிறது. பேசிப் பார்த்ததில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோர்ட்டிலிருந்து நேராக வந்து, கோட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குப் போய் ஒரு கன்றுக்குப் புல் போட்டுவிட்டுத்தான் என் அறைக்கு வந்தார்.

சங்கம் 1911இல் தொடங்கியது. ஆனைமலைக் காட்டிலிருந்து தேக்கு இழுத்து வந்த வண்டி மாடுகளின் கழுத்தைப் பார்க்கச் சகிக்காமல், மர டிப்போவில் வேலை செய்த நான்கு பேர் தொடங்கினார்கள். கழுத்துப் புண்ணோடு வரும் மாட்டை வழியில் நிறுத்தி அவிழ்த்துக் கொண்டுவருவார்கள். வைத்தியம் பார்ப்பார்கள். புண் ஆறியதும், "இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடமே ஒப்படைப்பார்கள். இதுதான் சங்கத்தின் விதி. இன்றுவரை மாறவில்லை.

"கொடுமைப்படுத்தினவனிடமே திருப்பிக் கொடுப்பதா?" என்று கேட்டேன்.

"இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்பாங்க சார்" என்றார். "ஒரு மாட்டைத் திருப்பிக் கொடுக்கலைன்னு வைங்க. அடுத்த வண்டிக்காரன் புண்ணு மாட்டை ரோட்டுக்கே கொண்டுவர மாட்டான். ராத்திரியிலே ஓட்டுவான். இல்லே, வீட்டுக்குள்ளேயே கட்டி வெச்சு அழுக விடுவான். திரும்பக் கிடைக்கும்னு நம்பிக்கை இருக்கிறதாலேதான் நாம நிறுத்தினா நிக்கிறான். அந்த நம்பிக்கை ஒண்ணுதான் நமக்குச் சொத்து."

"குழந்தைகளுக்கும் இதே விதியா?"

"இதே விதிதான். குழந்தையை வெச்சுக்கிட்டா அடுத்த குழந்தையை வெளியே விடமாட்டாங்க."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

சந்தை நாள். காலையில் ஒரு செவலை எருது வந்தது. நுகத்தடி அழுத்திக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வண்டிக்காரர் மயில்சாமி கூடவே வந்து சண்டை போட்டார். "தேங்கா லோடு ஏத்துனா கழுத்து தேயாம பூவா பூக்கும்?" என்று கம்பவுண்டரைக் கேட்டார். பிறகு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, எருதின் முகத்தை ஒரு முறை தடவிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஒரு சிறுமி. பெயர் பூவாத்தா. ஒன்பது வயது என்றார்கள். ஏழு வயது உடம்பு. அப்பா அம்மா இல்லை. மாமன் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருந்தவள். இடது முன்கையில் சூடு. பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமன் குமாரசாமி நார் மில்லில் வேலை செய்பவர். மறுக்கவில்லை. "புள்ளையத் தொட்டில்லருந்து கீழ விட்டுட்டாளுங்க. என்ற சம்சாரம் கோவத்துல கரண்டியக் காச்சிப்போட்டா. தப்புதானுங்க" என்றார். அவரும் எழுதிக் கொடுத்தார். போகும்போது சட்டைப் பையிலிருந்து இரண்டு தேன்மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

இங்கே ஒரு வழக்கம். வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொட்டகையில் ஒரு பிராணியைக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர் காட்டுவது, புல் போடுவது, ஈ ஓட்டுவது அந்தக் குழந்தையின் பொறுப்பு. குழந்தைகள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் பங்கஜம், பூவாத்தாவைச் செவலை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உனக்கும் புண்ணு, இவனுக்கும் புண்ணு. ரெண்டு பேரும் பேசிக்குங்க."

ஜூலை 13, ஞாயிறு

சங்கம் காப்பாற்றிய முதல் குழந்தையைப் பார்த்தேன். வஞ்சியப்பன், இப்போது எழுபத்திரண்டு வயது. ஆனைமலை ரோட்டில் பெட்டிக்கடை. 1924இல் ஒரு வண்டியை நிறுத்தியபோது, மாட்டை அடித்த அதே சாட்டையால் வண்டிக்காரன் தன் தம்பி மகனையும் அடித்திருந்தது தெரிந்திருக்கிறது. மாட்டை அவிழ்க்கும்போது பையனையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் எதுவும் சங்கத்தில் இல்லை. மாட்டுக்கு இருந்த விதியையே பையனுக்கும் வைத்தார்கள். அப்படித்தான் சங்கத்தின் பெயரில் குழந்தைகள் சேர்ந்தார்கள்.

நல்ல தொடக்கம் என்று எழுதிக்கொண்டே, "உங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டார்களா?" என்று கேட்டேன்.

"ராசா மாதிரிங்க. பால் சோறு. முதுகுக்கு வேப்பெண்ணெய். ஆறுனதும் பெரியப்பங்கிட்டக் கொண்டுபோயி உட்டாங்க."

"பிறகு?"

"பொறவு அடிச்சான். மறுக்காவும் கூட்டியாந்தாங்க. மறுக்காவும் ஆறுச்சு. மூணு தபா."

பொட்டலம் மடித்துக்கொண்டே பேசினார். கடைக்கு வந்த ஆளுக்குப் பீடி கொடுத்துவிட்டு மீண்டும் என்னிடம் திரும்பினார்.

"மாடு மூணாந்தடவ வந்துச்சுன்னா கோர்ட்டுல ஏலம் போட்டு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அது அந்தக் காலத்துலயே உண்டு. எனக்கு அதுவும் இல்லீங்க. மனுசப் பயலை ஆரு ஏலம் போடுவா?" என்று சொல்லிச் சிரித்தார். "எழுதிக்குங்க, எழுதிக்குங்க. பல்லெல்லாம் போயிருச்சு, இனி ஆரு வந்து என்னை அடிக்கப் போறா?"

இதை மலரில் எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

பல்வலி. மருந்து அறையில் கம்பவுண்டர் அய்யாசாமி கிராம்புத் தைலம் கொடுத்தார். மாட்டுக்கும் குழந்தைக்கும் மருந்து போடுபவர் இவர் ஒருவர்தான். செவலையின் கழுத்தில் புதுத்தோல் வந்துவிட்டது, பூவாத்தாவின் கையும் ஓரங்களில் காய்ந்துவிட்டது, இன்னும் பத்து நாளில் இரண்டையும் அனுப்பிவிடலாம் என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டாம் அத்தியாயத்தை முடித்தேன். தலைப்பு 'புண் ஆறியதும் ஒப்படைப்பு'. கையெழுத்துப் பிரதியை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே பூவாத்தா வாளியோடு நின்றிருந்தாள்.

"என்னங்க படிக்கிறீங்க?"

"இந்தச் சங்கத்தைப் பற்றி."

"செவலையப் பத்தி வருதுங்களா?"

அவளுக்காக அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். கடினமான சொற்களுக்கு அர்த்தம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பொ செவலையத் திருப்பி அந்த ஆள்கிட்டயே குடுத்துருவாங்களா?"

"ஆமாம்."

"எப்போங்க?"

"புண் ஆறினதும்."

"ஆறலைன்னா?"

"ஆறும்வரைக்கும் இங்கேதான் இருக்கும்."

"எனக்கும் அதேதானுங்களா?"

"அதேதான்."

தெளிவாகப் புரிந்துகொண்டாள். ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்பதில் எனக்குத் திருப்தி.

ஜூலை 24, வியாழன்

அச்சகத்துக்காரர் வந்தார். அட்டையில் பசுவும் குழந்தையும் படம். பசுவின் கண் பெரிதாக இருக்கிறது என்று நஞ்சப்பன் திருப்பி அனுப்பினார்.

ஜூலை 29, செவ்வாய்

செவலையின் கழுத்து மறுபடி திறந்துகொண்டது. அய்யாசாமிக்குப் புரியவில்லை. ஆடிக் காற்றில் தூசி பட்டிருக்கும் என்கிறார். மருந்தை மாற்றியிருக்கிறார்.

மயில்சாமி வந்து பார்த்துவிட்டு, "எட்டு நாள்ல ஆறுறதுக்கு எத்தனை நாளுங்க? வைத்தியம் பார்க்கறீங்களா, விளக்கு வெச்சுக் கும்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பூவாத்தாவின் கையும் ஆறவில்லை. சர்க்கரை வியாதி இருக்குமோ என்று அய்யாசாமி சந்தேகப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்தார். இல்லை.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஒரு சுற்றுச் சதை போட்டிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டின்போது பங்கஜத்திடம், "அக்கா, இன்னுங் கொஞ்சம் ரசம்" என்று தட்டை நீட்டினாள். வந்த நாளிலிருந்து அவள் எதையும் கேட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை என்று பங்கஜம் என்னிடம் வந்து சொன்னார். ரசம் ஊற்றிய கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஆறு மணி. ஜன்னலோரம் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். கொட்டகையில் பூவாத்தா. கையில் தேங்காய் நார். செவலையின் கழுத்தில் புண் இருக்கும் இடத்தில் நாரை வைத்துத் தேய்த்தாள். வேகமாக இல்லை; பாத்திரத்தின் உள்பக்கம் தேய்ப்பதுபோல, நிதானமாக. எருது காலை மாற்றி வைத்தது. அவள் நிறுத்தினாள். அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து என்னவோ சொன்னாள். தொலைவு அதிகம், கேட்கவில்லை. மறுபடி தேய்த்தாள். எருது முட்டவில்லை, நகரவுமில்லை.

பிறகு அவள் எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நார் கையில் இருந்தது. தோள் அசைந்தது. என்ன செய்தாள் என்று தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது.

மருந்து அறைக்கு வந்த அய்யாசாமி, கழுத்தில் மறுபடி ரத்தம் என்று தலையில் கைவைத்தார். யாராவது கொட்டகைப் பக்கம் வந்தார்களா என்று கேட்டார். பார்த்ததைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அய்யாசாமி நஞ்சப்பனிடம் சொல்லிவிட்டார். நஞ்சப்பன் நேற்று ராத்திரி சாப்பிடவில்லையாம்.

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கல் இருக்கிறது. சங்கத்தின் முதல் விதி அதில் வெட்டப்பட்டிருக்கிறது: இவ்வளாகத்தில் பிராணியைத் துன்புறுத்துவோர் யாராயினும் அன்றே வெளியேற்றப்படுவர். முன்பு ஒரு காவல்காரரும் ஒரு தலைவரின் மைத்துனரும் இந்த விதிப்படி வெளியேறியிருக்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் இதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறேன்.

பங்கஜம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தப் புள்ளை ஒரு எறும்பைக்கூட மிதிக்காதுங்க. ஏதோ காரணம் இருக்கு. எங்கிட்டே வாயத் தெறக்க மாட்டேங்குறா. உங்ககிட்டத்தானே ஜன்னல்ல நின்னு பேசிக்கிட்டிருப்பா? என்ன சொன்னா?"

செவலையை எப்போது அனுப்புவார்கள் என்று ஒரு முறை கேட்டாள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு ஊகம் உண்டு. பார்த்தது, கேட்டது, ஊகம் மூன்றையும் ஒரே வரியில் வைக்காமல் முப்பத்தாறு வருஷம் எழுதியிருக்கிறேன். இங்கேயும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

செயற்குழு கூடியது. ஐந்து பேர். குழுவில் உள்ள கால்நடை மருத்துவர் செவலையைப் பார்த்துவிட்டு வந்து, நாரால் தேய்த்த அடையாளம்தான், பல நாளாக நடந்திருக்கிறது என்றார். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஆறாம் தேதி காலை பார்த்ததைச் சொன்னேன்.

பூவாத்தாவை உள்ளே கூட்டிவந்தார்கள். பங்கஜம் அவளுக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தார். நஞ்சப்பன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு அப்படிப் பண்ணினே? செவலை உனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

அவள் ரிப்பன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே. யாரும் அடிக்கமாட்டாங்க. காரணத்தை மட்டும் சொல்லிரு. போதும்."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்தச் சாருக்குத் தெரியுமுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நஞ்சப்பன், "என்ன சார் சொல்றா?" என்றார்.

நான் பார்த்தது இன்னது, அதைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் ஏன் செய்தாள் என்று அவள் என்னிடம் சொன்னதில்லை. அது உண்மை. அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. என் மனதில் தோன்றியது வேறு. அது சாட்சியம் ஆகாது.

அவள் பார்வையைத் தரைக்கு மாற்றினாள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டும் பேசவில்லை.

அவளை வெளியே அனுப்பிவிட்டு அரை மணி பேசினார்கள். குழந்தைதானே என்றார் ஒருவர். மிருகத்தை வதைக்கும் குழந்தை மற்றக் குழந்தைகளையும் கெடுத்துவிடும் என்றார் இன்னொருவர். தலைவரின் மைத்துனரையே அனுப்பிய சங்கம் இது, கல்லில் வெட்டியதை ஆளுக்கு ஆள் மாற்றினால் ஊர் சிரிக்கும் என்றார் மருத்துவர். மாமனுக்கு ஆள் அனுப்பினார்கள். நஞ்சப்பன்தான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நெடுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

புண் ஆறாமல் ஒப்படைக்கப்பட்ட முதல் குழந்தை இவள். வரலாற்றில் இது சேர வேண்டிய தகவல்தான்.

குமாரசாமி ஐந்து மணிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "மாட்டையா? எங்க வீட்ல கைக்கொழந்தை இருக்குதுங்களே" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நட" என்றார். இந்த முறை மிட்டாய் இல்லை.

செவலை கத்தியது. தண்ணீர் காட்டும் நேரம் தவறினால் மாடுகள் கத்தும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பங்கஜம் என் அறைக்குக் காப்பி அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மயில்சாமி எருதைக் கேட்டு வந்தார். கழுத்தைப் பார்த்ததும் கேட்டில் நின்று ஊரைக் கூட்டினார்.

"ரோட்ல ஓட்டுனப்ப உள்ளங்கை அகலம்! இப்பப் பாருங்க, ரெண்டு கை அகலம்! அஞ்சு வருசம் ஓட்டி நான் பண்ணாததை அஞ்சு வாரத்துல வதைச் சங்கம் பண்ணிருச்சு. நீங்க கெடுத்த மாட்டை நீங்களே வெச்சுக் கும்பிடுங்க!"

நஞ்சப்பன் பேசிப் பார்த்தார். மயில்சாமி எருதை ஏற்கவில்லை. சங்கமே வைத்துக்கொள்வது என்று சாயங்காலம் முடிவாகிவிட்டது. செவலை இனி உயிருள்ளவரை இந்தக் கொட்டகையில்தான் இருக்கும். நுகத்தடி கிடையாது. அய்யாசாமி சொன்னார், நஞ்சப்பனும் உறுதிசெய்தார்.

எழுபத்தைந்து வருஷத்தில், உரியவரிடம் திரும்பிப் போகாமலும் ஏலத்துக்குப் போகாமலும் இங்கே தங்கிவிட்ட முதல் மாடு இதுதான் என்று நினைக்கிறேன். சரிபார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். வரலாற்றை முடித்து நஞ்சப்பனிடம் கொடுத்தேன். வஞ்சியப்பன் பகுதியில் பால் சோறும் வேப்பெண்ணெயும் இருக்கின்றன. ஏலம் பற்றிச் சொன்னது இடம் போதாமல் விடப்பட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பங்கஜம் வந்து, "குமாரசாமி வீட்டுக்குப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன். டவுன் பஸ், பிறகு தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மைல் நடை. மழை.

வீடு பூட்டியிருந்தது. திண்டுக்கல் பூட்டு, புதிது. தொட்டில் கட்டிய கயிறு மட்டும் வாசல் சட்டத்தில் தொங்கியது.

சங்கத்துக்கு முதலில் தகவல் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வர யோசித்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"பன்னெண்டாந் தேதியே போயிட்டாங்க. பாலக்காட்டுப் பக்கம் ஒரு நார் மில்லுன்னு சொன்னாங்க. எந்த ஊருன்னு தெரியாது."

"அந்தப் புள்ளை?"

"ரெண்டு நாள் வெளியவே விடலைங்க. கொழந்தையத் தொட விடலை, சமையக்கட்டுக்குள்ள விடலை. மாட்டை அறுக்கற கை புள்ளையையும் அறுக்கும்னு அவ அத்தை சொல்லிட்டே இருந்தா. தேங்காத் தொண்டு போடற கொட்டாய்ல படுக்க வெச்சாங்க. நாங்க ஒருக்காச் சொன்னதுக்கே எங்க மேல கோவம். மறுபடி எப்பிடிங்க சொல்றது? சொன்னாத்தான் நீங்க என்ன பண்ணுவீங்க? மறுபடி கொண்டாந்துதானே உடுவீங்க?"

திரும்பும்போது பங்கஜம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும்போது சொன்னார்:

"பேப்பர்காரங்களுக்குக் கண்ணு மட்டுந்தான் இருக்குமுங்களா சார்?"

ஆகஸ்ட் 21, வியாழன்

போலீஸ் நிலையம். நஞ்சப்பனும் வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகப் பேசினார். "சொந்த மாமன், வேலைக்குப் போற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். இதிலே நான் எந்தப் பிரிவுலே வழக்குப் போட? நீங்களே வக்கீல், நீங்களே சொல்லுங்க" என்றார்.  கேரளப் பக்க நிலையங்களுக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்புவதாகச் சப்-இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பல்லைப் பிடுங்கிவிட்டேன். மலரின் கடைசிப் படிவம் வந்தது. எழுத்துப்பிழைகள் திருத்தினேன். அட்டையில் பசுவின் கண் சிறிதாகிவிட்டது.

செவலையின் கழுத்து முழுக்க ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 30, சனி

நாளை விழா. பந்தல் போட்டாகிவிட்டது. மேடையில் எனக்கு ஒரு நாற்காலி. பொன்னாடை உண்டு என்று தெரிகிறது.

மத்தியானம் போலீஸ் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. உறுதியானது: பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாளாக ஒரு சிறுமி இருக்கிறாள். பஸ் நிலையத்தில் காய்ச்சலோடு கிடந்தவளை யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். தமிழ் பேசுகிறாள். சொன்னவர் அந்த ஊர் ஏட்டு, தொலைபேசியில், எங்கள் சப்-இன்ஸ்பெக்டரிடம். பெயரைச் சொல்ல மறுக்கிறாள். ஊரையும் சொல்ல மறுக்கிறாள். காய்ச்சல் போய்விட்டது. இடது கையில் ஒரு பழைய தீக்காயம் இருக்கிறது. நல்ல மருந்துதான் போடுகிறார்களாம். ஏன் ஆறமாட்டேன் என்கிறது என்று டாக்டருக்குப் புரியவில்லையாம். ஆறியதும், உரியவர் யாரென்று விசாரித்து ஒப்படைப்பார்கள்.

உறுதியாகாதது: அவள்தானா என்பது.

சப்-இன்ஸ்பெக்டர் குமாரசாமிக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். மில்லைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். உரிமை உள்ளவர் அவர்தான் என்பதால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது என்றார் நஞ்சப்பன். விழா முடிந்ததும் திங்கட்கிழமை ஜீப் தருவதாகச் சொன்னார். பங்கஜம் ஜீப்புக்குக் காத்திருக்கவில்லை. துணிப்பையில் ஒரு பாவாடையும் சட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார்.

"நாலு மணி பஸ்ல போறேன். அங்க டாக்டர்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமுங்களா?"

சொன்னேன். ஜன்னலில் அவள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் வரிசையாகச் சொன்னேன். அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். பங்கஜம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"டாக்டரிடமாவது சொல்லுங்கள்" என்றேன். "புண் ஆறாததற்குக் காரணம் தெரியாமல் அவர்கள் தவிக்கிறார்கள்."

"சொன்னா என்ன பண்ணுவாங்க? ரெண்டு கையையும் கட்டில்ல கட்டிப்போடுவாங்க. எட்டு நாள்ல ஆறிரும். ஆறுனா?"

பங்கஜம் துணிப்பையைத் தோளில் மாட்டினார்.

"சொல்லலைன்னா, அழுகி ஒரு நாள் கையை எடுக்கணும்பாங்க" என்றார். அது என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

கூட வருகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. நாளை மேடையில் வரலாற்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

பங்கஜம் கிளம்பிப் போய் ஒரு மணி நேரமாகிறது. டாக்டரிடம் சொல்வாரா மாட்டாரா என்பதை அவர் முடிவு செய்யவில்லை; போய்ப் பார்த்துச் செய்வதாகச் சொன்னார். குமாரசாமி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாரா என்பதும் தெரியவில்லை. திங்கட்கிழமை மாலை, ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள கடையிலிருந்து நஞ்சப்பன் வீட்டுக்குப் பங்கஜம் போன் செய்ய வேண்டும்.